மூன்று நாளில் நாலு ஜோடிக் கையுறை

கல்கத்தா பவானிபூரில் அந்த நாளில் குடியிருந்த தமிழ்க் குமாஸ்தாக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று வைத்தீஸ்வரனுடையது. அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் கோபம்தான் வரும். நான் சொல்ல வந்தது அவன் மனைவி நாகலக்ஷ்மியைப் பற்றி. 1908-ஆம் வருஷம் அவளுக்கு இருபது வயது. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பெண், தாயில்லாதவள். கல்கத்தாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பது அந்த வீட்டுப் பேச்சில் தினம் ஒரு தடவையாவது வந்துவிடும்.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. மாடியில் வீட்டுக்கார வங்காளிக் குடும்பம். கீழே இவர்கள் மூன்று பேர்: வைத்தி, அவன் தாயார் சாவித்ரி அம்மாள், நாகு. கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. அப்புறம் கொல்லைப் பக்கம், நிலக்கரி கொட்டி வைக்கிற இடத்தை ஒட்டி, ஒரு மூலை அறை. ஒரே ஜன்னல், அதுவும் கம்பி போட்டது. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். மாதத்தில் மூன்று நாள் நாகு உட்காருகிற இடம் அதுதான். உட்காருவது என்றால் வீட்டுக்கு விலக்கு. எதையும் தொடக்கூடாது, அவளையும் யாரும் தொடக்கூடாது. சோறு அறை வாசலுக்கு வரும். நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம்.

அந்த அறையை அவள் வெறுத்தாள் என்று நினைத்தால் தப்பு. மற்ற நாட்களில் விடியற்காலை குழாயடியில் குடத்தை வைத்தாளானால், ராத்திரி சமையலறை மெழுகுகிற வரை அவள் கை அவளுடையதாக இருக்காது. சாவித்ரி அம்மாளின் மடி ஆசாரம் கும்பகோணத்தையே தோற்கடிக்கும். இதை எடு, அதைத் தொடாதே, அந்த ஈரத்துணியோடு இங்கே வராதே என்று பொழுதெல்லாம் அதட்டல். மாதத்தில் மூன்று நாள்தான் அந்த அதட்டல் கதவுக்கு வெளியே நிற்கும். அப்போது அவள் மடியில் ஒரு குரோஷா ஊசியும் கம்பளி நூல் உருண்டையும் இருக்கும்.

மாடி வீட்டு மருமகள் குமுதினி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. பாதிரிமார் வீட்டுப் பெண்மணி ஒருத்தி வீடு வீடாக வந்து குமுதினிக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி, அவ்வளவுதான் சாமான். மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்து வளையம் வளையமாகப் பின்னிக்கொண்டு போக வேண்டும். உள்ளங்கை வந்ததும் கட்டை விரலுக்கு ஒரு வழி விட்டு, பிறகு ஒவ்வொரு விரலுக்கும் பின்னல் கண்களை எண்ணிப் பிரித்து, சுண்டு விரல் வரைக்கும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஒரு கண் தப்பினால் மோதிர விரல் முறுக்கிக்கொள்ளும். குழந்தைகளுக்கென்றால் இந்தக் கஷ்டம் இல்லை. நாலு விரலும் சேர்ந்து போகிற ஒரு பை, கட்டை விரலுக்கு மட்டும் தனிக் கூடு. இரண்டு கைக்கும் நடுவில் நீளமாக ஒரு சரடு பின்னிவிட்டால், சட்டைக்குள் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். குழந்தை எங்கேயும் தொலைத்துவிட்டு வராது.

கம்பளிக்குத் தீட்டு ஒட்டாது என்பது நம் வீடுகளில் இருக்கிற சட்டம். பருத்தி ஒட்டும், கம்பளி ஒட்டாது. யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு நாகு மனசுக்குள் ஒரு நமஸ்காரம் வைத்திருந்தாள். சாவித்ரி அம்மாளே, "கம்பளிதானே, பண்ணிக்கோ. வாயை மூடிண்டு இருந்தாச் சரி" என்று அனுமதி கொடுத்திருந்தாள்.

கல்கத்தாவில் கையுறை எதற்கு என்று கேட்பீர்கள். கையுறை சிம்லாவுக்கு. அந்தக் காலத்தில் வெயில் ஏற ஆரம்பித்ததுமே சர்க்கார் ஆபீஸ் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு சிம்லா மலைக்கு ரயிலேறும். ஐப்பசி, கார்த்திகையில்தான் இறங்கும். குமாஸ்தாக்களும் கூடவே போவார்கள். பெண்டாட்டியை அழைத்துப் போகிற வசதி பெரிய உத்தியோகஸ்தர்களுக்குத்தான். வைத்தியின் பேனா பிடிக்கிற விரல்கள் அந்தக் குளிரில் விறைத்துப் போகின்றன என்று கேட்டு, முந்தின வருஷம் நாகு அவனுக்கு ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தாள். கரும்பச்சை நிறம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. அவனுடைய துரையின் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். துரைக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டு குழந்தைகளுக்கும் ஒவ்வொன்று வேண்டும், அடுத்த தடவை வரும்போது கொண்டு வா என்று சொல்லிவிட்டாள். வைத்தி அரை முழத்துக்குக் குனிந்து, அப்படியே ஆகட்டும் என்றான்.

சொன்னவன் கார்த்திகையில் வீட்டுக்கு வந்து நாகுவிடம் சொன்னானா? இல்லை. மார்கழி போனது, தை போனது, மாசியும் போனது. பங்குனி எட்டாந்தேதி காலையில், மாட்டிக்கொள்ளக் கோட்டை எடுத்தபோதுதான் ஐயாவுக்கு ஞாபகம் வந்தது. பத்தாந்தேதி சாயங்காலம் ஹௌராவில் ரயில். அவன் முகம் செத்துப் போயிற்று. சமையலறை வாசலில் வந்து நின்று, அம்மா குளிக்கிற சமயம் பார்த்து, குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னான்.

"மூணு நாள்ல நாலு ஜோடியா? விளையாடறேளா? அடுப்பைப் பாப்பேனா, ஊசியைப் பாப்பேனா?"

"குழந்தேள்து ரெண்டும் வெறும் பைதானே, நாகு. கம்பளி நான் இன்னிக்கே வாங்கிண்டு வந்துடறேன். அந்த துரைசானி வாயாலே ஒரு வார்த்தை சொன்னா என் வேலை நிரந்தரமாயிடும்."

"அதெல்லாம் சரி, நேரம்? அம்மா விடுவாளா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டான். "உனக்கு… இப்போ நாள்தானே?"

நாள்தான். முந்தாநாளே வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரண்டு நாள் முன்னே பின்னே ஆவது அவளுக்குப் புதிதல்ல.

"வரத்தானே போறது? இன்னிக்கே உக்காந்துடு. அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த அறையிலே உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா."

பாருங்கள், எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! நாகுவுக்கு அது பெரிய பொய்யாகவே படவில்லை. இன்றைக்கு வருகிற பாவனையில் உட்கார்ந்தால், நாளைக்கு நிஜமாகவே வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? தீட்டோடு சமையலறைக்குள் போனால்தானே பாவம், தீட்டில்லாமல் வெளியே இருந்தால் என்ன? இப்படியெல்லாம் அவளே தனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டாள். சாவித்ரி அம்மாள் குளித்துவிட்டு வந்தபோது நாகு மூலை அறையில் இருந்தாள். மாமியார் பெருமூச்சு விட்டாள். இரண்டு நாள் தள்ளிப் போனதை அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள், பாவம். காளிகாட்டுக் காளியிடம் மனசுக்குள் வேண்டிக்கொண்டுகூட இருந்தாள்.

மூன்று நாளும் நாகு ஊசியைக் கீழே வைக்கவில்லை. முதல் நாள் துரைசானியுடையது, சிவப்பு. இரண்டாம் நாள் துரையுடையது, சாம்பல் நிறம், விரல்கள் வாழைப்பழம் மாதிரி பெரிசு பெரிசாக. மூன்றாம் நாள் குழந்தைகளுடையது இரண்டும். ஆள்காட்டி விரல் தோல் உரிந்து நூல் பட்டால் எரிந்தது. பத்தாந்தேதி சாயங்காலம் குதிரை வண்டி சந்து முனையில் வந்து நின்றபோது கடைசிச் சரட்டை முடிந்து கொண்டிருந்தாள். வைத்தி அறை வாசலில் நாலடி தள்ளி நின்றான். அவள் கையுறைகளைத் தரையில் தள்ளினாள். அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டான். தாயார் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தை இல்லை. வழியனுப்ப வாசலுக்கு வரவும் அவளுக்கு உரிமை இல்லை. வண்டிச் சத்தம் தேய்ந்து மறைகிற வரை சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்தாள். வர வேண்டியது மட்டும் வரவில்லை. பங்குனி முடிந்தது, சித்திரை முடிந்தது. வைகாசியில் ரசத்துக்குப் பெருங்காயம் பொரித்த வாசனையில் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தாள். அன்றைக்குத்தான் அவள் நாள் எண்ணிப் பார்த்தாள். குழந்தை வந்ததற்கு அழுத பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாகு அழுதாள்.

சாவித்ரி அம்மாள் அழவில்லை. விரல் மடக்கி எண்ணினாள். "பங்குனி எட்டு, ஒம்போது, பத்து நீ உக்காந்திருந்தே. பத்தாந்தேதி சாயங்காலம் அவன் ரயிலேறிட்டான். நான் என் கண்ணாலே பாத்தேன்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள், "யாருதுடி இது?"

நாகு எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். கையுறைக்காக உட்கார்ந்தது, அவர்தான் உட்காரச் சொன்னார் என்பது, மாசியில் குளித்ததுதான் கடைசி என்பது, எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது. யாராவது பொய்யாகத் தீட்டு என்று சொல்லி நிலக்கரி அறையில் போய் உட்காருவார்களா? அதுவும் கையுறை பின்ன?

"என் பிள்ளை அப்படிச் சொல்லமாட்டான். என்கிட்ட அவன் பொய் சொன்னதே கிடையாது" என்றாள் சாவித்ரி அம்மாள். அன்றைக்கே நாகுவைச் சமையலறையிலிருந்து விலக்கி, மூலை அறை வாசலோடு நிறுத்திவிட்டாள்.

வைத்தி சிம்லாவுக்குப் போகும்போது, வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று வாஞ்சிநாதன் என்கிற சிநேகிதனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வேறு ஆபீஸில் குமாஸ்தா, நல்ல மனுஷன், வாரம் ஒரு தடவை அரிசி பருப்பு வாங்கிப் போட்டுவிட்டு, கூடத்தில்கூட உட்காராமல் போய்விடுவான். அடுத்த வாரம் அவன் பையோடு வந்தபோது சாவித்ரி அம்மாள் கதவைத் திறக்கவில்லை. "இனிமே வரவேண்டாம்ப்பா" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். அவன் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். நாகுவுக்கு அதைக் கேட்டு உடம்பெல்லாம் கூசியது. செத்துப் போய்விடலாமா என்று அவள் முதல் முதலில் நினைத்தது அன்றைக்குத்தான்.

"வைத்திக்கு எழுதிக் கேப்போம்" என்றாள் சாவித்ரி அம்மாள். யார் எழுதுவது? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெளியாளிடம் போய் இதைச் சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? வீட்டு மானம் சந்தெல்லாம் சிரிக்காதா? ஆகவே குற்றவாளியே எழுதினாள். மாமியார் கூடத்தில் நின்று சொல்ல, நாகு மூலை அறை வாசலில் பலகையை வைத்துக்கொண்டு எழுதினாள். "பங்குனியில் உன் சொல்படிதான் உட்கார்ந்ததாக நாகலக்ஷ்மி சொல்கிறாள். வாஸ்தவமா? வாஸ்தவமாயின் குழந்தைக்கு உன் தகப்பனார் பெயர். இல்லாவிடில் நீ வந்ததும் அவளைக் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிடுகிறேன்." நாகுவின் கையெழுத்து வாத்தியார் மகளுக்கேற்ற அழகு. ஒரு எழுத்துக்கூட அவள் மாற்றவில்லை. அவளுக்குப் பயமே இல்லை. அவர் வாஸ்தவம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதுமே!

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சாவித்ரி அம்மாள் உறையைப் பிரித்து, காகிதத்தைத் தரையில் போட்டாள். நாகு எடுத்துக்கொண்டாள்.

"படி."

இரண்டே வரி. நாகு முதலில் மனசுக்குள் படித்தாள். 'நாகலக்ஷ்மி சொல்லும் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா உசிதம்போல் செய்யவும்.'

அம்மாவை ஏமாற்றச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்ள அவனுக்குத் துணிச்சல் இல்லை. அதற்குப் பதில் பெண்டாட்டியைக் கைகழுவிவிட்டான். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை! நான் அப்போதே சொன்னேன், எனக்குக் கோபம்தான் வரும் என்று.

நாகுவின் எதிரில் சாவித்ரி அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தில் இருப்பது அவளுக்கு வெறும் கறுப்புக் கீறல்கள். 'ஆமாம் அம்மா, நான்தான் உட்காரச் சொன்னேன்' என்று நாகு படித்தால் முடிந்தது. குழந்தைக்குப் பெயர் கிடைக்கும், சமையலறை திரும்பக் கிடைக்கும். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? அவள் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் இப்படித்தானே பங்குனியிலும் இருந்தது, யாருக்கு என்ன நஷ்டம் என்று? அவளுக்கு அந்த நினைப்பே குமட்டியது. வயிற்றில் இருப்பதற்கு இன்னொரு பொய்யால் பெயர் வாங்க அவளுக்கு இஷ்டமில்லை.

"நாகலக்ஷ்மி சொல்லும் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா உசிதம்போல் செய்யவும்" என்று உரக்கப் படித்தாள். 

சாவித்ரி அம்மாள் காகிதத்தை வாங்கி மடித்து விபூதிச் சம்புடத்துக்கு அடியில் வைத்தாள். "உள்ளே போ" என்றாள். சமையலறைக்குள் அல்ல. மூலை அறைக்குள்.

மூன்று நாளைக்குப் பொய் சொல்லி வாங்கின அறை, ஆறு மாசத்துக்கு நிஜமாகவே கிடைத்துவிட்டது. சோறு வாசலுக்கு வரும். அவள் தொட்ட தண்ணீரை மாமியார் குடிக்கமாட்டாள். மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாக ஒரு மாங்காய்த் துண்டு இல்லை. சீமந்தம், வளையல் என்ற பேச்சே இல்லை. கும்பகோணத்துக்குக் கடிதம் போடக் காகிதம் கேட்டாள், கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அப்பாவுக்கு என்னவென்று எழுதுவது? கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. எழுந்து வாசலைத் தாண்டினால் டிராம் ஓடுகிற தெரு. ஆனால் போய் எங்கே நிற்பது, யார் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு? தாழ்ப்பாள் இல்லாத கதவு பூட்டின கதவைவிடக் கெட்டி என்று அவளுக்கு அந்த மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

கம்பளியெல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் மாமியார். எப்படியோ பாய்க்கு அடியில் ஊசி தங்கிவிட்டது. குழந்தைகள் கையுறையில் மிஞ்சின மஞ்சள் நூலும் ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. அதில் ஒரே ஒரு ஜோடிதான் வரும், அதுவும் பிறந்த குழந்தைக்கு. ஜன்னலுக்கடியில் உட்கார்ந்து பின்னுவாள். இரண்டு கையும் நடுச்சரடும் முடிந்ததும் உருவிவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்னுவாள். வேறு நூலுக்கு எங்கே போவாள்? ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்க அந்த மஞ்சள் நூல் கையுறையாவதும் உருண்டையாவதுமாக இருந்தது. நூல் மெலிந்து முடிச்சு முடிச்சாகிவிட்டது. வீதியில் துர்கா பூஜைக்கு டாக்கு மேளம் கொட்டினபோது சுவர் அதிர்ந்தது. அவளுக்கு மேளம் மட்டும் கேட்டது, அம்மன் கண்ணில் படவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு சாட்சிதான் பாக்கி, அது வயிற்றில் இருந்தது. மாசியின் கணக்குப்படி என்றால் குழந்தை கார்த்திகை முதல் வாரத்தில் பிறக்க வேண்டும், முழுசாகப் பிறக்க வேண்டும். மார்கழியில் பிறந்தால் மாமியார் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடும், தன் உடம்பே மாமியார் பக்கம் சேர்ந்துகொண்டு நாளைத் தள்ளிப்போட்டுவிடுமோ என்று. "ராஜா, நேரத்துக்கு வந்துடுடா கண்ணா" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு கெஞ்சுவாள்.

கார்த்திகை மூன்றாந்தேதி காலையில் வலி எடுத்தது. அவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து குமுதினி ஓடி வந்தாள். சாவித்ரி அம்மாள் தடுத்துப் பார்த்தாள். குமுதினி காதில் வாங்காமல் ஆளை அனுப்பி கீரோதா என்கிற மருத்துவச்சியை வரவழைத்தாள். பத்து மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். அழுத அழுகையில் பக்கத்து வீட்டுச் சுவரே பதில் சொன்னது.

"எட்டாம் மாசக் குழந்தை, தங்குமா?" என்று வாசலிலிருந்தே கேட்டாள் சாவித்ரி அம்மாள், தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில்.

கீரோதா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டா? என்ன மா சொல்றே நீ? நகத்தைப் பாரு, விரலைத் தாண்டி நிக்குது. தலைமயிரைப் பாரு. பத்து மாசம் நெறைஞ்ச பிள்ளை இது!" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

சாவித்ரி அம்மாள் ஐந்து பெற்று நாலைப் பறிகொடுத்தவள். அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தையின் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதுவும் பேசாமல் சமையலறைக்குப் போய், சுக்கு இடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பிரசவ மருந்தை அவளே கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அறை வாசலில் நின்றாள்.

"அந்தக் கடுதாசியை நீ மாத்திப் படிச்சிருக்கலாமே. எனக்கென்ன தெரியும்?"

நாகு குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

"ஏன் படிக்கலே?"

"அதுவும் பொய்யாயிருக்குமே, அம்மா."

மாமியாரின் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனால் பிள்ளைக்கு எதிராக நினைக்க அந்த மனசுக்குப் பழக்கமில்லை. "அவன் வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் பன்னிரண்டாந்தேதி வந்து சேர்ந்தான். கையில் இரண்டு பெரிய கம்பளி நூல் மூட்டை! துரைசானிக்குப் பரம சந்தோஷமாம், அவள் தங்கை குடும்பத்துக்கும் வேண்டுமாம். குழந்தை பிறந்த சேதியைக் கேட்டுப் பல்லைக் காட்டினான். கடிதம் என்ற ஒன்றே நடக்காத மாதிரி, மறுநாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கிற புண்யாகவாசனத்துக்கு வாழையிலை வாங்கப் போய்விட்டான். மூலை அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாகு அவன் குரலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பதினோராம் நாள் காலையில் நாகு குளித்துவிட்டு, ஆறு மாசத்துக்கப்புறம் கூடத்துக்குள் கால் வைத்தாள். குழந்தையின் இரண்டு கையிலும் அந்த மஞ்சள் கையுறை. சாஸ்திரிகள் புண்யாகவாசனத்தை முடித்துவிட்டு, "குழந்தையைத் தகப்பனார் மடியில் விடுங்கோ. என்ன பேர்?" என்றார்.

நாகு குழந்தையை விடவில்லை.

"முதல்ல அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அப்புறம் மடியை விரியுங்கோ" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

வைத்தி திருதிருவென்று விழித்தான். தாயாரைப் பார்த்தான். தாயார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எழுதிக் கேட்டதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதினியே வைத்தி, அது நிஜமா?" என்றாள்.

அவன் நினைத்திருந்தால் அந்த நிமிஷத்தில் ஆண்பிள்ளையாகியிருக்கலாம். ஆகவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு, "நான் அப்படி எழுதவே இல்லையே, அம்மா! விவரமா ஆமாம்னுதானே எழுதினேன்? அவள் என்னத்தைப் படிச்சாளோ!" என்றான்.

நாகு குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். இப்போது அதுவே அவள் கழுத்துக்குக் கயிறு. சாவித்ரி அம்மாள் மெதுவாக எழுந்து போனாள். விபூதிச் சம்புடத்தை நகர்த்தி, காகிதத்தை எடுத்து வந்து சாஸ்திரிகளிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் படியுங்கோ."

சாஸ்திரிகள் ஒன்றும் புரியாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "நாகலக்ஷ்மி சொல்லும் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா உசிதம்போல் செய்யவும். இப்படிக்கு, வைத்தீஸ்வரன்."

எழுத்துக்கு எழுத்து, நாகு அன்று படித்தது.

"தனக்கு எதிரா இருந்ததை இவள் அப்படியே படிச்சா. ஆமாம்னு சொன்னா உனக்கு ஒரு நஷ்டமும் இல்லே, நீ இப்படி…" சாவித்ரி அம்மாள் காகிதத்தைச் சாஸ்திரிகளிடமிருந்து வாங்கி அவன் முன்னால் போட்டாள். "இப்பவாவது சொல்லித் தொலைடா!"

"நான்தாம்மா உக்காரச் சொன்னேன்" என்றான் வைத்தி, தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு. "நீ கோச்சுப்பியேன்னு…"

நாகு குழந்தையை அவன் மடியில் விட்டாள். சாவித்ரி அம்மாள் செத்துப்போன புருஷனின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். "அவர் பேரையே வையுங்கோ" என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். சாஸ்திரிகள் புரிந்துகொண்டு, சுந்தரேசன் என்று சொல்லிக் கொடுத்தார். தகப்பன் குழந்தை காதில் மூன்று தடவை சொன்னான்.

இதற்கப்புறம் மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சாயங்காலம் சமையலறையில் நாகு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது சாவித்ரி அம்மாள் சொன்னது இதுதான்: "அப்போ பங்குனியிலே ஒண்ணுமே இல்லாம மூணு நாள் நீ அங்கே உக்காந்துண்டே, நான் ஒருத்தியா இடுப்பொடிய சமைச்சுக் கொட்டினேன்!" நாகு ஊதுகுழலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஆறு மாசம் அவளைக் கொன்றது போயிற்று. மூன்று நாள் சமையல்தான் கணக்கில் நின்றது. அது முதல் ஒவ்வொரு மாதமும், நிஜமா என்று மாமியார் கேட்டுவிட்டுத்தான் அவளை அந்த அறைக்கே போகவிட்டாள். அவளுக்கென்று இருந்த மூன்று நாளும் அதோடு போயிற்று. வாஞ்சிநாதனுக்கு வைத்தி இரண்டு தடவை சொல்லி அனுப்பினான். அவன் அந்தச் சந்தில் மறுபடி கால் வைக்கவே இல்லை.

ஆனால் ஒன்று. அடுத்த பங்குனி வந்தது. கம்பளி மூட்டை இரண்டும் பரண்மேல் பிரிக்காமலே கிடந்தன. ஆபீஸ் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, வைத்தி பழையபடி சமையலறை வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, "நாகு, அந்த துரைசானி தங்கைக்கு…" என்று குசுகுசுத்தான்.

நாகு கரண்டியைக் கீழே வைத்தாள். இடுப்பில் இருந்த சுந்தரேசனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டாள். கூடத்தில் ஜபம் பண்ணிக்கொண்டிருந்த மாமியாருக்கும், மாடிப்படியில் நின்ற குமுதினிக்கும், சந்தில் போகிற பால்காரனுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"எத்தனை நாள் உக்காரணும்னு அம்மாவைக் கேட்டுண்டு வாங்கோ!"